வலைப்பின்னல் கேள்வி பதில்: முகவரி தருபவரும் பெயர் அறிந்தவரும்

இம்மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்து, ஏறக்குறைய ஒரே நோயின் வெவ்வேறு அறிகுறிகளைச் சொல்கின்றன. ஆகவே அவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். புதிய வாசகர்களுக்காக இரண்டு சொற்களை மட்டும் முதலில் விளக்கிவிடுகிறேன். வலைப்பின்னலில் வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரியை ஒதுக்கித் தருவது டி.எச்.சி.பி. சர்வர், தோட்டத்திற்குப் புதிதாக வந்திறங்கிய குடும்பத்திற்குக் கிராணி லயத்தில் வீடு ஒதுக்கித் தந்ததைப் போன்ற வேலை அது. பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். சர்வர். இவற்றில் எது படுத்தாலும் வெளியில் கேட்கும் புகார் ஒன்றுதான்: "இணையம் போய்விட்டது."

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் 35 மடிக்கணினிகள் கொண்ட கணினி அறை இருக்கிறது. காலையில் முதலில் திறக்கும் கணினிகள் நன்றாக வேலை செய்கின்றன. பத்து மணிக்கு மேல் திறப்பவற்றில் பலவற்றுக்கு இணைப்புக் கிடைப்பதில்லை. முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்குகிறது. பெற்றோர் சந்திப்புக்கு மறுநாள் இது தொடங்கி, ஒரு வாரத்திற்குப் பிறகு தானாகவே சரியாகிவிட்டது. பரிசளிப்பு விழாவுக்குப் பின் மீண்டும் வந்துவிட்டது. ரவுட்டரை அணைத்துப் போட்டும் பயனில்லை. முகவரிகளைத் தருவது அலுவலக அறையில் உள்ள விண்டோஸ் சர்வர். – ஆசிரியை ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: நோயாளியே நோயின் காரணத்தையும் சேர்த்து எழுதி அனுப்பிய கடிதம் இது. 169.254 என்று தொடங்கும் முகவரியை எந்தச் சர்வரும் தரவில்லை. "முகவரி வேண்டும்" என்று கணினி கூவிப் பார்த்து, பதில் வராததால் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட எண் அது. ஆகவே கணினி அறையில் குற்றம் இல்லை. கேட்டவருக்குக் கொடுக்க சர்வரின் கையில் முகவரி இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சர்வரில் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை நூறு முகவரிகள் ஒதுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மடிக்கணினிகளுக்கு 35, இருபது ஆசிரியர்கள் ஆளுக்கொரு கைப்பேசியும் ஒரு கணினியும் வைத்திருந்தால் 40, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா என்று ஓர் ஐந்து. ஆக 80 முகவரிகள் அன்றாடம் போய்விடுகின்றன. பெற்றோர் சந்திப்பன்று வைஃபை கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். முப்பது பெற்றோர்கள் இணைந்திருந்தால் அன்றைக்கே கையிருப்பு தீர்ந்திருக்கும்.

இதில் சங்கடம் என்னவென்றால், அவர்கள் வீட்டுக்குப் போன பின்னும் முகவரி திரும்பி வராது. டி.எச்.சி.பி. முகவரியை விற்பதில்லை, குத்தகைக்கு விடுகிறது. விண்டோஸ் சர்வரில் அந்தக் குத்தகைக் காலத்தை யாரும் மாற்றாவிட்டால் அது எட்டு நாள். திங்கட்கிழமை அரை மணி நேரம் வந்து போன கைப்பேசியின் பெயரில் அந்த முகவரி அடுத்த வாரம் செவ்வாய் வரை பூட்டிக் கிடக்கும். ஒரு வாரத்திற்குப் பிறகு தானாகச் சரியானதன் இரகசியம் இதுதான். இந்தக் குத்தகைக் கணக்கு சர்வரில் எழுதப்பட்டிருப்பதால், ரவுட்டரை அணைத்துப் போட்டதில் பலன் இல்லாமல் போனதிலும் வியப்பில்லை.

உறுதி செய்துகொள்வது எளிது. சர்வரில் டி.எச்.சி.பி. நிர்வாகத் திரையைத் திறந்து, உங்கள் முகவரி வரம்புக்குக் கீழே உள்ள குத்தகைப் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கைப்பேசிப் பெயர்கள் வரிசை வரிசையாக நிற்கும். நிகழ்வுப் பதிவேட்டில் 1020 என்ற எண் இருந்தால் முகவரிகள் தீர்ந்து வருகின்றன என்று சர்வர் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது என்று பொருள். 1063 இருந்தால் கொடுப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை என்று பொருள். பள்ளிகளில் இந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பது என் அனுபவம். சர்வர் எழுதிக்கொண்டேயிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

தீர்வில் மூன்று படிகள் உண்டு, அவற்றுள் கடைசிப் படிதான் முக்கியமானது. முதலில், வரம்பை 192.168.1.20 முதல் 192.168.1.239 வரை விரித்தால் 220 முகவரிகள் கிடைக்கும். நிலையான எண் தேவைப்படும் சர்வர், அச்சுப்பொறி முதலியவற்றை 20க்குக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, குத்தகைக் காலத்தைக் குறையுங்கள். ஆனால் உற்சாகத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துவிட வேண்டாம். கருவிகள் குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும் என்பதால், எட்டு நாள் குத்தகையில் சர்வர் படுத்துவிட்டாலும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் குறைந்தது நான்கு நாள் தாக்குப்பிடிக்கும். ஒரு மணி நேரக் குத்தகையில் அரை மணியிலேயே கணினிகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு மணி நேரத்திற்குள் பள்ளி முழுவதும் இருண்டுவிடக்கூடும். ஆசிரியர்களுக்கும் கணினி அறைக்கும் ஒரு நாள் என்பது என் பரிந்துரை. மூன்றாவதாக, வருகையாளர்களுக்குத் தனி வைஃபை பெயரும் தனி முகவரி வரம்பும் கொடுத்து, அங்கே மட்டும் இரண்டு மணி நேரக் குத்தகை வையுங்கள். பெற்றோர் கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது மாணவர்களின் முகவரியைத் தின்னாது.

கைப்பேசிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், கைப்பேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (சர்வர் ஒரு கருவியை அடையாளம் காண உதவும், கருவியிலேயே பதிந்துள்ள எண்) மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. தலைமையாசிரியரின் கைப்பேசிக்கு நிரந்தர எண் ஒதுக்கி வைத்து அது ஒருநாள் வேலை செய்யாமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கேள்வி: தோட்ட அலுவலகம் ஒன்றில் கணினிப் பொறுப்பில் இருக்கிறேன். போன வாரம் பாதிப் பேருக்குச் சம்பள மென்பொருள் திறக்கவில்லை. மீதிப் பேருக்கு ஒரு குறையும் இல்லை. திறக்காதவர்களின் முகவரி 192.168.0 என்று தொடங்குகிறது. எங்கள் அலுவலகத்தில் அந்த வரிசையே கிடையாது, எங்களுடையது 10.10.5. இது எங்கிருந்து வந்தது?

பதில்: உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது; தன் மேசைக்கு வைஃபை சரியாக எட்டவில்லை என்பதே காரணமாக இருக்கும். ஆனால் அந்த ரவுட்டருக்குள்ளும் ஒரு டி.எச்.சி.பி. சர்வர் இருக்கிறது. முகவரி கேட்டு எழும் குரல் வலைப்பின்னல் முழுவதும் ஒலிக்கும். முதலில் பதில் சொல்பவரிடமே கணினி பெரும்பாலும் முகவரியை வாங்கிக்கொள்ளும். முறையான சர்வர்களில் சில, கொடுக்கப்போகும் முகவரி வேறெவரிடமும் இல்லையென்று சோதித்த பிறகே பதில் தரும். அந்த நிதானத்திற்குள் வீட்டு ரவுட்டர் முந்திவிடும். பழைய குத்தகை உள்ளவர்கள் தப்பித்தார்கள், காலையில் புதிதாக இணைந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதனால்தான் பாதிப் பேர்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு தேடலில் நான் அரை நாளைச் செலவிட்டிருக்கிறேன், ஆகவே வழியைச் சொல்கிறேன். பாதிக்கப்பட்ட ஒரு கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையைத் திறந்து ஐ.பி.கான்ஃபிக் கட்டளையை 'ஆல்' என்ற விருப்பத்துடன் கொடுத்தால், முகவரி தந்த சர்வரின் எண் எது என்று ஒரு வரி காட்டும். நான் பார்த்தது 192.168.0.1. அடுத்து ஆர்ப் கட்டளை அந்த எண்ணுக்கு உரிய மேக் முகவரியைக் காட்டும். அதன் முதல் ஆறு எழுத்துகளைக் கொண்டு கருவியைச் செய்த நிறுவனம் எது என்று தெரிந்துகொள்ளலாம். வலைப்பின்னல் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான சுவிட்ச், நிர்வகிக்கக்கூடிய வகையாக இருந்தால், அந்த மேக் எந்தத் துளையின் வழியாக வருகிறது என்று அதன் அட்டவணையிலேயே பார்த்துவிடலாம். அந்த அலுவலகத்தில் இருந்ததோ சாதாரண சுவிட்ச். ஆகவே ஒரு கணினியிலிருந்து அந்த எண்ணுக்கு இடைவிடாமல் பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பிக்கொண்டே, சுவிட்சில் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்த்தோம். பதினோராவது கம்பியைக் கழற்றியதும் பிங் நின்றது. அந்தக் கம்பியைப் பின்தொடர்ந்து போனால், தேநீர் அறையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் சுற்றிய வெள்ளை நிற ரவுட்டர் ஒன்று எறும்புகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வைத்தவர் யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த முறை தேட வேண்டிய அவசியமே வராமல் செய்ய, டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் வசதியுள்ள சுவிட்ச் ஒன்றை வாங்குமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்கள் சர்வர் இணைந்துள்ள துளையை மட்டும் நம்பத்தக்கது என்று அதில் குறித்துவிட்டால், வேறு எந்தத் துளையிலிருந்து முகவரி வழங்கும் பதில் வந்தாலும் சுவிட்சே அதைக் கீழே போட்டுவிடும். அது வரும்வரை, தினமும் ஒருமுறை முகவரி கேட்டுப் பார்த்து, பதில் சொல்பவர் உங்கள் சர்வர்தானா என்று சரிபார்க்கும் சிறு நிரலை ஒரு பழைய கணினியில் ஓட விடுங்கள். நாகியோஸ் என்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருளில் இதற்கான துணை நிரல் உள்ளது.

கேள்வி: செம்பனை ஆலை ஒன்றில் இரண்டு டி.என்.எஸ். சர்வர்கள் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் நிமிடத்திற்கு ஒருமுறை பிங் அனுப்பிக் கண்காணிக்கிறோம். திரையில் எப்போதும் பச்சை விளக்குதான். ஆனாலும் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை ஆலைக்குள் ஒரு பெயரும் திறக்கவில்லை. எங்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் ஒன்றும் வரவில்லை. கண்காணிப்பில் என்ன தவறு?

பதில்: பிங் பதில் வருகிறதென்றால் சர்வரின் உடலில் உயிர் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு மரத்தடியில் படுத்துக்கொண்டவரை அது கண்டுபிடிக்காது. டி.என்.எஸ். சர்வரிடம் டி.என்.எஸ். கேள்வியையே கேட்க வேண்டும். அதுவும் சர்வருக்குள் உட்கார்ந்து கேட்காமல், தொழிலாளர்கள் பயன்படுத்தும் பகுதியில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு வகை. ஆலைக்குள் மட்டும் இருக்கும் பெயர் ஒன்றைக் கேட்டு, வரவேண்டிய எண்தான் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். பதில் வந்தாலே போதும் என்று விட்டுவிடாதீர்கள். வெளியுலகப் பெயர் ஒன்றையும் கேளுங்கள். முதலாவது சரியாகி இரண்டாவது தவறினால் கோளாறு உங்கள் வெளி இணைப்பில் இருக்கிறது. இரண்டாவது சரியாகி முதலாவது தவறினால் உங்கள் பெயர்ப் பதிவில் இருக்கிறது. பதிலின் தன்மையையும் பாருங்கள். என்.எக்ஸ்.டொமைன் என்றால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சர்வர் தெளிவாகச் சொல்கிறது. சர்வ்ஃபெயில் என்றால் "தேடினேன், பதில் பெற முடியவில்லை" என்கிறது. வட்டு நிறைந்தாலும், வெளி இணைப்பு அறுந்தாலும், பதில் போலியா என்று பார்க்கும் கையொப்பச் சோதனை இயக்கப்பட்ட சர்வரில் கடிகாரம் தவறாக ஓடினாலும் இதுவே வரும். பதில் வர எடுக்கும் நேரத்தையும் குறித்து வாருங்கள். நினைவில் உள்ள பெயருக்கு ஓரிரு மில்லிவினாடியில் பதில் தந்த சர்வர் ஒருநாள் ஐம்பது எடுத்தால், படுப்பதற்கு முன் இருமத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உங்கள் சனிக்கிழமைக்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இரண்டாவது சர்வர் தன் பதிவுகளை முதல் சர்வரிடமிருந்து நகல் எடுத்து வைத்திருக்கிறது அல்லவா? முதல் சர்வரில் டி.என்.எஸ். சேவை மட்டும் நின்றுபோனால், இயந்திரம் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டேயிருக்கும். இரண்டாவது சர்வர் பழைய நகலைக் கொண்டு எல்லாருக்கும் பதில் தந்துகொண்டிருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நகலுக்கு ஒரு காலாவதி உண்டு. பல இடங்களில் அது 604800 வினாடி, அதாவது சரியாக ஒரு வாரம். அந்தக் கெடு முடிந்ததும் இரண்டாவது சர்வரும் உள் பெயர்களுக்குப் பதில் தர மறுத்துவிடும். பதிவேட்டில் அதற்கு முந்தைய சனிக்கிழமையைப் பாருங்கள். பிற்பகல் இடியோடு மின்தடை ஏதேனும் வந்து, முதல் சர்வர் மீண்டும் எழுந்தபோது சேவை மட்டும் எழாமல் போயிருக்கலாம். இரண்டு சர்வர்களிலும் உள்ள பதிவின் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று நாள்தோறும் ஒப்பிட்டுவந்தால் இது ஒளிந்துகொள்ள முடியாது.

எச்சரிக்கை மின்னஞ்சல் வராததற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. மின்னஞ்சல் சர்வரின் பெயரை எண்ணாக மாற்றித் தர டி.என்.எஸ். வேண்டும், அதுதான் படுத்துவிட்டதே! தீ பற்றியதை அறிவிக்கும் மணியைத் தீப்பிடிக்கும் அறைக்குள் மாட்டி வைத்திருக்கிறீர்கள். சிம் அட்டை பொருத்திய சிறு மோடம் ஒன்றின் வழியாகக் குறுஞ்செய்தி போகும்படி செய்யுங்கள். பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போனபோது, அவர்களுடைய டி.என்.எஸ். சர்வர்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. பராமரிப்பின்போது கொடுத்த தவறான கட்டளை ஒன்றால் உள் இணைப்பு அறுந்ததும், அந்தச் சர்வர்களுக்குப் போகும் வழி இணையத்தின் வரைபடத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் நம்பியிருந்த உள் கருவிகளும் அதே டி.என்.எஸ்.ஸைச் சார்ந்திருந்ததால் அவையும் முடங்கின.

கேள்வி: உள் டி.என்.எஸ். சர்வர் படுத்தால் உதவட்டும் என்று, எல்லாக் கணினிகளிலும் இரண்டாவது டி.என்.எஸ். ஆக 8.8.8.8 என்று போட்டு வைத்திருக்கிறேன். சரிதானே? – கூட்டுறவுக் கடன் சங்க ஊழியர்

பதில்: எண்ணம் நல்லது, ஏற்பாடு தவறு. முதலாவது சர்வர் இறந்தால்தான் இரண்டாவதைக் கேட்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். முதலாவது பதில் தரச் சற்றுத் தாமதித்தாலே கணினி இரண்டாவதைக் கேட்டுவிடும். சில கருவிகள் இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். கூகிளின் அந்தச் சர்வருக்கு உங்கள் சங்கத்தின் உள் பெயர்கள் எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று அது சொல்லும். கணினி அதை உண்மையென்று ஏற்றுக்கொண்டு, அந்த "இல்லை"யைச் சிறிது நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். "காலையில் திறந்த கோப்புறை மதியம் காணவில்லை, மூன்று மணிக்குத் திரும்பிவிட்டது" என்ற மர்மக் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. கணினிகளுக்கு உள் சர்வர்கள் இரண்டை மட்டும் கொடுங்கள். 8.8.8.8 போன்றவற்றை, தமக்குத் தெரியாத வெளிப் பெயர்களை மேல் விசாரணை செய்யும் இடமாக அந்த உள் சர்வர்களில் எழுதி வையுங்கள்.

அங்கேயும் ஒரே வெளிச் சர்வரை நம்பி இருக்க வேண்டாம். 2024 செப்டம்பரில், பொது டி.என்.எஸ். சர்வர்களுக்குச் செல்லும் கேள்விகளை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சர்வர்களுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டதும், எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே அந்த ஏற்பாட்டைத் தொடர வேண்டாமென்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அறிவித்ததும் நினைவிருக்கலாம். அதன் நியாய அநியாயத்தை வேறொரு நாள் பேசலாம். நிர்வாகி என்ற முறையில் அன்று நமக்குப் புரிந்தது, 8.8.8.8 என்று எழுதி வைத்திருப்பதாலேயே பதில் அங்கிருந்துதான் வருகிறது என்று எண்ணிவிட முடியாது என்பதே.

கேள்வி: எங்கள் ஆலயத்தின் இணையத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினோம். எனக்குப் புதிய பக்கம் தெரிகிறது. தலைவருக்கு இரண்டு நாளாகப் பழைய பக்கமே தெரிகிறது. அவர் என்னைக் கோபிக்கிறார். யார் மீது தவறு?

பதில்: தலைவர் மீது இல்லை, உங்கள் மீது கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு டி.என்.எஸ். பதிவுடனும் டி.டி.எல். என்ற கால அளவு ஒன்று சேர்ந்தே போகிறது. அது 86400 வினாடி என்றிருந்தால், அந்தப் பதிலை வாங்கிய எந்தச் சர்வரும் ஒரு நாள் முழுவதும் மறுபடி கேட்காமல் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் ஆகிவிட்டதால் தலைவரின் உலாவியில் சேமித்து வைத்த பழைய பக்கத்தையும், பெயர்ப் பதிவு நிறுவனத்தில் உள்ள டி.என்.எஸ். சர்வர்களின் பெயர்களையும் சேர்த்துச் சரிபாருங்கள். பழையதும் புதியதும் கலந்து இருந்தால் ஆளுக்கொரு பக்கம் தெரியத்தான் செய்யும்.

அடுத்த முறை இடம் மாற்றும்போது, இரண்டு நாட்களுக்கு முன்பே டி.டி.எல்.ஐ 300 என்று, அதாவது ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். மாற்றி முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பின் பழைய அளவுக்குக் கொண்டுபோங்கள். மாதக் கட்டணம் மிச்சம் என்று பழைய சர்வரை அன்றே மூடிவிடாமல் இன்னும் ஒரு வாரம் விட்டுவையுங்கள். திருவிழாப் பத்திரிகையைப் பழைய முகவரியில் தேடி வருபவர்கள் அதுவரை வந்துகொண்டுதான் இருப்பார்கள்.